கேட்கிறவன்: டி.எஸ். பாலையாவும் குணச்சித்திரம் என்கிற உழைப்பும்

1

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் மணமேல்குடிப் பக்கம் நின்ற மரத்தைவிட விழுந்த மரம்தான் அதிகம். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. டிவி இல்லை, செல்போனுக்குச் சார்ஜ் இல்லை. ஏழு மணிக்கெல்லாம் தெரு இருட்டிவிடும். அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

அப்படி ஒரு ராத்திரி, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் சொல்லும் பேய்க்கதையைச் சொல்ல ஆரம்பித்தான். கதவு கிறீச்சிடுவது, காற்று ஊளையிடுவது, நாய் குரைப்பது எல்லாவற்றையும் வாயாலேயே செய்தான். தெருவில் எல்லோருக்கும் அந்தக் காட்சி மனப்பாடம். 2006க்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்த அரசாங்க இலவச டிவியில் அதைப் பார்க்காத ஆளே கிடையாது. பையன் நன்றாகத்தான் செய்தான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அப்போது, டூரிங் டாக்கீஸ் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறையைச் சேர்ந்த மாமா ஒருவர் எழுந்து வந்து பையன் எதிரே உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ‘எனக்கென்ன பயம்’ என்கிற பெரிய மனுஷத் தோரணையில் தொடங்கினார். பையன் சொல்லச் சொல்ல அந்தத் தோரணை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. கண்ணிமை நின்றது, வாய் லேசாகத் திறந்துகொண்டது, கட்டின கை தானே அவிழ்ந்து முழங்காலைப் பிடித்தது. தெருவே உருண்டு சிரித்தது.

அடுத்த ராத்திரியும் அதையே கேட்டார்கள். நாகேஷாக நடிக்க நாலு பையன்கள் போட்டி போட்டார்கள். பாலையாவாக உட்கார ஆள் கிடைக்கவில்லை. மாமா அன்று அறந்தாங்கி போயிருந்தார். கதை எடுபடவில்லை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது ராத்திரியைப் பற்றியது. சொல்ல நாலு பேர் இருந்தும், கேட்க ஆளில்லாததால் ஒரு கதை ஏன் செத்துப்போகிறது? கேட்பதும் ஒரு உழைப்பு என்றால் அந்த உழைப்புக்கு நம் பண்பாட்டுக் கணக்கேட்டில் என்ன கூலி எழுதியிருக்கிறோம்?

2

1936. எஸ்.எஸ். வாசன் எழுதி ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை ‘சதி லீலாவதி’ என்று படமாகிறது. இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், ஓஹையோ மாநிலத்துக்காரர், தமிழ் தெரியாதவர். கதாநாயகன் எம்.கே. ராதா. இந்தப் படத்தில் நடித்தவர்களில் மூன்று பேரை நாம் கவனிக்க வேண்டும்: இன்ஸ்பெக்டராக எம்.ஜி. ராமச்சந்திரன், நகைச்சுவைக்கு என்.எஸ். கிருஷ்ணன், நாயகனைக் குடிக்கும் சீரழிவுக்கும் இழுத்துச் செல்லும் ராமநாதனாக டி.எஸ். பாலையா.

மூன்று பேரும் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். மூன்று பேரும் திரை வாழ்வின் தொடக்கத்தில் ஒரே படத்தில் நடித்தவர்கள். முதலாமவர் 1977இல் தமிழகத்தின் முதலமைச்சராகி 1987 டிசம்பரில் பதவியிலேயே மறைந்தார். இரண்டாமவர் ‘கலைவாணர்’ ஆனார். சென்னையில் அவருக்குச் சிலை நிற்கிறது. மூன்றாமவர்? ‘குணச்சித்திர நடிகர்’ ஆனார். அவ்வளவுதான்.

திருநெல்வேலிச் சீமையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துச் சுண்டங்கோட்டையில் 1914இல் பிறந்தவர் பாலையா. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் பயின்றவர். திரையில் ஏறக்குறைய முப்பத்தாறு வருஷம். 1937இல் டங்கனின் ‘அம்பிகாபதி’யில் பாகவதருக்கு எதிரே ருத்ரசேனன். 1948இல் ‘மோகினி’யில் முதன்மைப் பாத்திரங்களில் ஒன்று, அதே படத்தில் எம்.ஜி.ஆரும் இருந்தார். 1949இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’, 1956இல் ‘மதுரை வீரன்’, 1959இல் ‘பாகப்பிரிவினை’, 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’, 1965இல் ‘திருவிளையாடல்’, 1967இல் ‘பாமா விஜயம்’, ‘ஊட்டி வரை உறவு’, 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’. 1972 ஜூலையில், அறுபது வயதைத் தொடாமலே மறைந்தார். மேலே உள்ள பட்டியலில் எந்தப் படத்தின் பெயரைச் சொன்னாலும் முதலில் வேறொருவர் முகம்தான் நினைவுக்கு வரும். இரண்டாவதாக இவர் முகம் வரும். அந்த ‘இரண்டாவதாக’ என்பதுதான் நம் பிரச்சினை.

அதே 1936இல் கடலுக்கு அப்பால் நடந்த ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அயர்லாந்தின் டப்ளினில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்துகொண்டே ஆபி நாடக அரங்கில் நடித்துவந்தவர் பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட். சான் ஓகேஸியின் நாடகங்களில் பெயர் வாங்கியவர். ஓகேஸியின் ‘கலப்பையும் விண்மீன்களும்’ நாடகத்தை ஜான் ஃபோர்டு படமாக எடுத்தபோது ஹாலிவுட்டுக்குப் போகிறார். அங்கே அவர் பெரும்பாலும் ‘ஐரிஷ்காரன்’: குடிகாரன், வாயாடி, எளிதில் கோபம் வருகிற, நல்ல மனசுள்ள கிழவன். காலனியாதிக்கம் ஒரு இனத்துக்குத் தைத்துக்கொடுத்த சட்டை அது. ஃபிட்ஸ்ஜெரால்ட் அதைப் போட்டுக்கொண்டுதான் பிழைத்தார். ஆனால் அதற்குள் ஒரு நிஜ மனிதனை நகரவும் விட்டார். ஆஸ்கரில் ‘துணை நடிகர்’ என்ற தனிப் பிரிவு தொடங்கியதும் 1936ஆம் வருஷத்துப் படங்களிலிருந்துதான். 1944இல் வந்த ‘கோயிங் மை வே’ படத்தில் ஒரு வயதான பாதிரியாராக ஃபிட்ஸ்ஜெரால்ட் நடித்தார். அந்த ஒரே வேடத்துக்காக அவரைச் சிறந்த நடிகருக்கும் பரிந்துரைத்தார்கள், சிறந்த துணை நடிகருக்கும் பரிந்துரைத்தார்கள். இவர் துணையா, முதன்மையா என்று அவர்களுக்கே தெரியவில்லை! கடைசியில் துணை நடிகர் விருது இவருக்கு. முதன்மை விருது அதே படத்தின் நாயகன் பிங் கிராஸ்பிக்கு. அதன்பின் ஒரே நடிப்பு இரண்டு பிரிவிலும் வரக் கூடாதென்று விதியை மாற்றிவிட்டார்கள்.

அந்த விதி மாற்றம் சின்ன நிர்வாக விஷயமில்லை. மையம் எது, ஓரம் எது என்கிற கோடு இயற்கையாக அங்கே கிடக்கவில்லை, யாரோ போடுகிறார்கள் என்பது ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டது. உடனே கோட்டை இன்னும் அழுத்தமாகப் போட்டுவிட்டார்கள். அதிகாரம் வேலை செய்கிற விதமே அதுதான். நம் தேசிய விருதுகளில் துணை நடிகருக்கென்று தனிப் பிரிவு 1984ஆம் வருஷத்துப் படங்களுக்குத்தான் வந்தது. பாலையா செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

3

‘குணச்சித்திரம்’ என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒருவருக்குக் குணச்சித்திர நடிகர் என்று பட்டம் கொடுத்தால், மற்றவருக்கு, அதாவது கதாநாயகனுக்குக் குணமில்லை என்றாகிறது. வேடிக்கையாகச் சொல்லவில்லை. நாயகனுக்கு நற்குணங்கள் உண்டு, குணம் கிடையாது. அவன் நிர்க்குணப் பிரம்மம். படத்தின் முதல் ரீலில் எப்படி வந்தானோ அப்படியே கடைசி ரீலில் போகிறான். ஏழையாகப் பிறந்தாலும் இளவரசனாகப் பிறந்தாலும், தாயை வணங்குவான், பெண்ணைக் காப்பான், அடிப்பான், ஜெயிப்பான். அவன் மாறுவதில்லை, மற்றவர்களை மாற்றுகிறான். மாறுகிற வேலை, அதாவது தப்பு செய்து, தயங்கி, பயந்து, வெட்கப்பட்டு, உடைந்து, திருந்துகிற வேலை, குணமுள்ளவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, பின்னாளில் ‘பிம்பச் சிறை’ என்று தமிழில் வந்த நூல், எம்.ஜி.ஆர். என்கிற பிம்பம் எப்படிக் கட்டப்பட்டது, அது யாருக்கு உதவியது என்பதை விரிவாகப் பேசிவிட்டது. அதைத் திரும்ப நான் சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்பது அடுத்த கேள்வி. பிம்பத்தைக் கட்டின கொத்தனார்கள் யார்? நாயகன் அடிக்கிறான் என்றால் விழுகிறவன் ஒருவன் வேண்டும். நாயகன் வசனம் பேசுகிறான் என்றால் எதிரே நின்று முகத்தில் அந்த வசனத்தை வாங்கிக்கொள்கிறவன் வேண்டும். ‘மதுரை வீரன்’ படத்தில் பாலையா ஏற்ற நரசப்பன் கேவலப்படப் படத்தான் வீரன் வீரனாகிறான். விழுகிறவன் சரியாக விழாவிட்டால் அடித்தவன் பலசாலியாகத் தெரியமாட்டான். எந்தக் கூத்து வாத்தியாரைக் கேட்டாலும் சொல்லுவார்.

தமிழ் சினிமா முக்கியமாக ஒரு பேச்சு சினிமா. திராவிட இயக்கத்தின் மேடைச் சொல்லாடல் திரைக்கு வந்தபின் கேமராவே ஒலிபெருக்கியாயிற்று. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. காலகாலமாக வாய் மூடி நின்ற கூட்டத்துக்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டது. சினிமாக் கொட்டகைதான் தமிழர்கள் சாதி வித்தியாசத்தைத் தாண்டி ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்த முதல் இடங்களில் ஒன்று என்று கா. சிவத்தம்பி சுட்டிக்காட்டியிருக்கிறார். அந்தக் கூரைக்குக் கீழே கூட்டம் என்ன செய்தது? கேட்டது. திரையில் அந்தக் கூட்டத்தின் பிரதிநிதி பேசுகிற நாயகனா, கேட்கிற பாலையாவா? நாம் இதுநாள் வரை முதல் பதிலையே சொல்லிவந்திருக்கிறோம்.

எழுபது எண்பது வருஷம் கழித்து, நம்முடைய சிறுபத்திரிகை மரபையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எம்.ஆர். ராதாவை நாம் கொண்டாடினோம். சரிதான், கொண்டாட வேண்டிய ஆள். ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் (1954) வில்லனும் நாயகனும் ஒரே உடம்பில் அழுகினார்கள். அது பெரிய கலகம். ஆனால் ஏன் ராதாவை மட்டும்? ஏனென்றால் அவர் பேசினார். நமக்கும் மேற்கோள் காட்ட வசனம் வேண்டியிருந்தது. பாலையாவை மேற்கோள் காட்ட முடியாது. அவருடைய சிறந்த இடங்களில் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். எழுத்தை நம்பி வாழும் விமர்சகனுக்கு அது பிடிபடுவதில்லை.

ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். பாலையாவின் முதல் இரண்டு முக்கியமான படங்களின் இயக்குநர் டங்கனுக்குத் தமிழ் புரியாது. வசனம் நன்றாக இருக்கிறதா என்று அவரால் சுயமாகச் சொல்ல முடியாது. அவர் பார்த்திருக்கக்கூடியது முகம், உடம்பு, உட்காரும் விதம். மொழி தெரியாதவனுக்கும் புரிகிற ஒரு நடிப்பு பாலையாவுக்குள் ஊறியதற்கு அந்தத் தொடக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டும்தான்.

4

‘திருவிளையாடல்’ படத்தை எடுத்துக்கொள்வோம். பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் ‘விறகு விற்ற படலம்’. வடக்கேயிருந்து வந்த இசைவாணன் ஏமநாதன் பாண்டியன் சபையில் சவால் விடுகிறான். எளிய பக்தனான பாணபத்திரரைக் காப்பாற்றச் சிவன் விறகு விற்பவனாக வந்து பாடுகிறான். அதைக் கேட்ட ஏமநாதன் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடுகிறான். ஏ.பி. நாகராஜன் படத்தில் ஹேமநாத பாகவதர் பாலையா, பாணபத்திரர் டி.ஆர். மகாலிங்கம், விறகுவெட்டியாக வரும் சிவன் சிவாஜி கணேசன்.

இந்தப் பிரதியை மேலோட்டமாக வாசித்தால் இது அகங்காரம் அழிந்த கதை, உழைப்பாளி வித்துவானை ஜெயித்த கதை. கொஞ்சம் நிதானித்துக் கேளுங்கள்: ஜெயித்தது உழைப்பாளியா? விறகு சுமந்தவன் உண்மையில் விறகு சுமப்பவன் இல்லை. கடவுள் வேஷம் போட்டு வந்திருக்கிறார். நிஜமான விறகுவெட்டிக்கு இந்தக் கதையில் இடமே கிடையாது. ‘மதுரை வீரன்’ படத்திலும் இதே தந்திரம்தான். செருப்புத் தைக்கும் குடும்பத்தில் வளர்ந்தவன் வீரனாக நிற்கிறான் என்று கூட்டம் விசிலடிக்கும்போது, பிறப்பால் அவன் ராஜகுமாரன் என்று படம் ஓரத்தில் எழுதி வைத்துவிடுகிறது. கீழே இருப்பவனின் வெற்றியைக் கொடுப்பதுபோலக் கொடுத்து, பிறப்புச் சான்றிதழைக் காட்டிப் பிடுங்கிக்கொள்ளும் கதையாடல் இது.

அப்படியானால் அந்தத் திண்ணைக் காட்சியில் மிஞ்சுகிற ஒரே மனிதன் யார்? ஹேமநாதர். கடவுளுக்குச் சங்கீதம் புதிதில்லை. பாணபத்திரருக்குப் பக்தி போதும். பாண்டியனுக்கு மானம் போதும். ராத்திரியில் அந்தப் பாட்டைச் சங்கீதமாகக் கேட்கிறவன் ஹேமநாதன் ஒருவன்தான். கேட்கத் தெரிந்ததால்தான் தோற்கிறான். சங்கீதம் தெரியாத அகங்காரியாக இருந்திருந்தால் திரும்பிப் படுத்துத் தூங்கியிருப்பான். மறுநாள் சபையில் ஜெயித்தும் இருப்பான். பாலையாவின் முகத்தைப் பாருங்கள். முதலில் எரிச்சல். அப்புறம் ஒரு தொழில்காரனின் கவனம். அப்புறம் வியப்பு, பயம், கடைசியில் தன்னைத் தானே எடைபோட்டுக்கொள்கிற வெட்கம். கர்வத்தோடு சபையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அதே உடம்பு, தோள் தளர்ந்து வேறொரு ஆளாகிவிடுகிறது. தீர்ப்புச் சொல்ல ராஜா வேண்டியிருக்கவில்லை, சபை வேண்டியிருக்கவில்லை. தன் தோல்விக்குத் தானே தீர்ப்பெழுதிவிட்டுப் போகிறான். அந்தப் படத்தில் அறம் என்று ஒன்று எங்காவது நிகழ்கிறதென்றால் அது இங்கேதான் நிகழ்கிறது. சிவன் நிகழ்த்துவது அற்புதம். ஹேமநாதன் நிகழ்த்துவது மாற்றம்.

இதற்குள் இன்னொரு உழைப்பும் ஒளிந்திருக்கிறது. ஹேமநாதர் சபையில் பாடும் பாட்டு எம். பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். அந்தக் குரலுக்கு ஒரு தொண்டையையும், கழுத்து நரம்பையும், தாளம் போடும் கையையும், அலட்சியமான ஒரு பார்வையையும் இரவல் கொடுத்தவர் பாலையா. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்திலும் அப்படியே. சிவாஜியின் நாதசுரத்துக்குப் பின்னால் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் இருந்ததை எல்லோரும் சொல்வார்கள். முத்துராக்காக வந்த பாலையாவின் தவிலுக்குப் பின்னாலும் வேறொருவரின் விரல்கள் உண்டு. பெரிய மேளத்தில் பேர் நாதசுரத்துக்கு. தவில் பக்கத்தில் உட்கார்ந்து தாங்க வேண்டும். சிக்கல் சண்முகசுந்தரத்தின் வித்தைச் செருக்கையும் முன்கோபத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளும் தோலாக முத்துராக்கு இருக்கிறார். நண்பனின் காதலுக்கு அவரும் ஒருவகையில் தவில் வாசிக்கிறார். துணைக்குத் துணை, அந்தத் துணைக்கும் துணை என்று இந்த அடுக்கு கீழே போய்க்கொண்டே இருக்கிறது.

5

எங்கள் ஊருக்கும் ஒரு குணச்சித்திரம் உண்டு. அவரைச் சொல்லாமல் போனால் நான் மணமேல்குடிக்காரன் இல்லை.

அறுபத்து மூவரில் ஒருவரான குலச்சிறை நாயனார் மணமேற்குடியில் பிறந்தவர். பாண்டியனின் அமைச்சர். சம்பந்தரின் மதுரைக் கதையில் நாயகன் சம்பந்தர், நாயகி என்று சொன்னால் மங்கையர்க்கரசி. குலச்சிறை துணைப் பாத்திரம். வரவேற்பார், ஏற்பாடு செய்வார், கூட்டி வருவார். அப்புறம் வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரம் பேரைக் கழுவேற்றச் சொல்லி அரசன் ஆணையிடும்போது, அதை நிறைவேற்றும் வேலை குலச்சிறைக்கு வருகிறது என்று பெரிய புராணம் சொல்கிறது. அது வரலாற்றில் நடந்ததா என்பது தனி விவாதம். கதை அப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பது போதும். சேக்கிழாருக்கு அதில் கூச்சமில்லை என்பதும் போதும்.

பாருங்கள், நாயகனின் கை சுத்தமாக இருக்கிறது. பாடுவது அவர், ஜெயிப்பது அவர். கழுமரத்துக்குப் பக்கத்தில் நிற்பது எங்கள் ஊர்க்காரர். புராணத்தின் அதிகாரப் பொருளாதாரம் இதைவிட வெளிப்படையாக இருக்க முடியாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஓரத்தில் இருப்பதாலேயே ஒருவன் யோக்கியனாகிவிட மாட்டான். விளிம்பைக் கொண்டாடுவது நமக்குச் சுலபமான பழக்கமாகிவிட்டது. குலச்சிறையும் விளிம்பில் நிற்பவர்தான். அங்கே நின்றுதான் கழுவேற்றுகிறார். துணையாயிருப்பது உழைப்பாகவும் இருக்கலாம், ஊழியமாகவும் இருக்கலாம், உடந்தையாகவும் இருக்கலாம். எது எது என்று பிரித்தறிவதுதான் விமர்சனத்தின் வேலை.

பாலையா விஷயத்திலும் இதைக் கேட்டாக வேண்டும். ‘வேலைக்காரி’யில் ஆனந்தனுக்குக் கத்தியைக் கீழே போடச் சொல்லி அறிவால் பழிவாங்கும் வழியைக் காட்டும் நண்பன் மணி அவர்தான். பகுத்தறிவின் குரலாகத் திரையில் பேசிய முன்னோடிகளில் ஒருவர். பதினாறு வருஷம் கழித்து அவரே புராணப் படத்தில் சிவன் பெருமைக்குத் தோற்றுக் கொடுக்கிறார். கொள்கையில்லாத ஆள் என்று நம் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அண்ணா கதைக்கும் நாகராஜன் கதைக்கும் அவர் விற்றது தன் வேலையை. தறிக்காரன் நெய்த வேட்டியை யார் கட்டுகிறார்கள் என்று கேட்டா நெய்கிறான்? ஆனால் நெய்த நெசவில் அவன் கை தெரிகிறது. ஹேமநாதனை வெறும் கோமாளியாக்கிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கதைக்கு அது போதும். அவர் அதற்கு மேல் கொடுத்தார். அந்த உபரி யாருடைய கணக்கிலும் வரவு வைக்கப்படவில்லை.

6

திரும்பவும் பேய்க்கதைக்கு வருவோம். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வண்ணப் படம், காதல் படம், சிரிப்புப் படம். ஸ்ரீதரும் கோபுவும் சேர்ந்து செய்த நகைச்சுவை. பாலையா அதில் சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். ரவிச்சந்திரன் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஊழியன். வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, முதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கேட்டுப் பாடுகிறான். தொழிலாளர் போராட்டம் இங்கே பாட்டும் ஆட்டமுமாகிவிடுகிறது. வாசலில் உட்கார்ந்தவன் கடைசியில் முதலாளியின் மாப்பிள்ளை ஆகிறான். முரண்பாட்டைக் கல்யாணத்தால் கரைப்பது வணிக சினிமாவின் பழைய வித்தை. அதில் பாலையாவும் பங்காளி. ‘நல்ல முதலாளி’, ‘கஞ்சனானாலும் வெள்ளந்தியான அப்பா’ என்று முதலாளித்துவத்துக்கு ஒரு சிரிக்கத் தகுந்த, மன்னிக்கத் தகுந்த முகம் கொடுத்ததில் அவருக்குப் பங்கு இல்லையென்று சொல்ல முடியாது. ‘பாமா விஜயம்’ எத்தியப்பனும் மூன்று மகன்களையும் மருமகள்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவரும் குடும்பத் தலைவன்தான். தந்தை அதிகாரத்தின் செல்லமான வடிவம்.

ஆனாலும் அந்தப் பேய்க்கதைக் காட்சியில் வேறொன்று நடக்கிறது. பணம் அப்பாவிடம். கதை மகனிடம். மகன் படமெடுக்கப் பணம் கேட்கிறான், அப்பா அவனை உதவாக்கரை என்று நினைக்கிறார். சமூக விதிப்படி பேசும் உரிமை அப்பாவுக்கு, கேட்கும் கடமை மகனுக்கு. அந்தச் சில நிமிஷம் அது தலைகீழாகிறது. அதிகாரமுள்ளவன் வாயடைத்துக் கேட்கிறான். கேட்கக் கேட்க அவனுடைய அதிகாரம் உடம்பிலிருந்து உருகி ஓடுகிறது. எங்கள் தெரு சிரித்தது பேய்க்கா? இல்லை. பெரிய மனுஷத்தனம் ஒன்று கண்ணெதிரே கழன்று விழுந்ததற்கு. எங்கள் ஊரில் பெரிய மனுஷர்கள் அப்படி உட்கார்ந்து யார் பேச்சையும் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

இங்கே இன்னொரு கோட்டையும் மறக்கக் கூடாது. பாலையா வில்லனாகத் தொடங்கி, முதலாளியாகி, அப்பாவாகி, கௌரவமாக மூத்தார். ஆணுக்குக் குணச்சித்திரம் ஒரு பதவி உயர்வு. பெண்ணுக்கு அது பதவி நீக்கம். பண்டரிபாய் 1952இல் ‘பராசக்தி’யில் சிவாஜிக்கு ஜோடி. 1968இல் ‘குடியிருந்த கோயில்’ படத்தில் எம்.ஜி.ஆருக்கு அம்மா. எம்.ஜி.ஆர். அவரைவிட ஏறக்குறைய பத்து வயது மூத்தவர்! ‘பாகப்பிரிவினை’யில் வீட்டின் நடுவே சுவர் எழும்பும்போது, தம்பியையும் விட முடியாமல் மனைவியையும் மீற முடியாமல் பாலையாவின் வைத்தியலிங்கம் படும் பாட்டுக்காக நாம் கலங்குகிறோம். அந்தச் சுவரைக் கேட்டவளாக சி.கே. சரஸ்வதி திட்டு வாங்குகிறார். ஆண் குணச்சித்திரத்தின் ஈரத்துக்குத் தண்ணீர், பெண் குணச்சித்திரத்தின் பொல்லாத்தனத்திலிருந்து இறைக்கப்படுகிறது. பாலையாவை எழுதுகிற நான் சி.கே. சரஸ்வதியை எழுதவில்லை. இந்தக் கட்டுரையின் ஓரம் எது என்று இப்போது தெரிகிறதில்லையா?

7

பாலையாவின் மகன் ரகு, ‘ஜூனியர் பாலையா’ என்ற பெயரில் நடித்தார். 1989இல் ‘கரகாட்டக்காரன்’ ஆட்டக்குழுவில் ஒருவர். 2012இல் ‘சாட்டை’. 2023 நவம்பரில் இறந்தார். நாயகர்களின் பிள்ளைகளுக்கு மன்றமும் பட்டமும் சில சமயம் தொகுதியும் சொத்தாக வருகின்றன. குணச்சித்திரத்தின் பிள்ளைக்கு வந்தது ‘ஜூனியர்’ என்கிற ஒரு சொல். துணையின் வாரிசும் துணையாகவே இருந்தார்.

இதெல்லாம் சினிமா விஷயம், நமக்கென்ன என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கும் தோழர்கள் கேட்கலாம். நமக்குத்தான் இதில் எல்லாமே இருக்கிறது. கஜாவுக்குப் பிறகு எங்கள் பகுதிக்கு வராத அமைப்பு இல்லை, வராத தலைவர் இல்லை. உதவியும் வந்தது, பேச்சும் வந்தது. ஒலிபெருக்கி பிடித்தார்கள், கண்டித்தார்கள், கோரிக்கை வைத்தார்கள். பேசினவை பெரும்பாலும் சரியான பேச்சுகள்தான். மரம் போன வீட்டுக் கிழவி பேசினபோது உட்கார்ந்து கேட்டவர்கள் மிகக் கொஞ்சம். கேட்டவர்களும் குறிப்பெடுக்கத்தான் கேட்டார்கள். அடுத்த மேடையில் பேசுவதற்கு. அவள் பேச்சில் தங்கள் தோள் தளர, கட்டின கை அவிழ, தங்கள் கருத்து ஒரு அங்குலம் நகர உட்கார்ந்தவரை நான் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நானும் அன்று ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

நம் இயக்கங்கள், நம் பத்திரிகைகள், நம் கூட்டங்கள் எல்லாமே நாயகர்களைத் தயாரிப்பதற்கென்று அமைந்திருக்கின்றன. நாயகத்துவத்தை எதிர்த்து எழுதுகிறவரும் அந்த எதிர்ப்பின் நாயகனாகிவிடுகிறார். சுவரொட்டி ஒட்டுகிறவர், சந்தா வசூலிக்கிறவர், மெய்ப்புத் திருத்துகிறவர், கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்குகிறவர், எல்லார் பேச்சையும் கடைசி வரை உட்கார்ந்து கேட்கிறவர் ஆகியோரின் பேர் எந்த நன்றியுரையிலும் ஒழுங்காக வருவதில்லை. ‘மற்றும் பலர்’ என்று முடித்துவிடுகிறோம்.

மாற்றம் வேண்டும் என்கிறோம். மாறுவது எப்படியிருக்கும், ஒரு மனித உடம்பில் அது எந்தெந்தத் தசையில் நடக்கும் என்று நாம் யாரும் பார்த்ததில்லை. தமிழ்த் திரையில் அதைக் காட்டியவர்களில் ஒருவர் பாலையா. தான் தோற்றதை முதலில் தானே தெரிந்துகொண்டு, யாரும் சொல்லாமல் எழுந்து போன ஹேமநாதனை நாம் இன்னும் வில்லன் கணக்கிலேயே வைத்திருக்கிறோம்.

கரண்ட் வந்த அன்று தெருவில் எல்லோரும் கைதட்டினார்கள். டிவிகள் பேச ஆரம்பித்தன. மாமா அரிக்கேன் விளக்கைத் துடைத்து உள்ளே வைத்தார். அதற்குப் பிறகு அவர் எதிரே உட்கார்ந்து யாரும் கதை சொல்லவில்லை.